ஃபிரிட்ஜ் ஓடுகிறது, கூலிங் இல்லை: கேஸ் போடுவதற்கு முன் கேபிலரியைப் பாருங்கள்

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், தாழங்குடா, பெண்ணையாற்றைத் தாண்டினால் கன்னியக்கோயில், பாகூர் வரைக்கும் ஃபிரிட்ஜ் வேலைக்குப் போகிறேன். போகிற இடத்தில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "போன மாசம்தான் கேஸ் போட்டோம், மறுபடியும் கூலிங் இல்லை." போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி கேஸ் எங்கேயும் போயிருக்காது. கேபிலரியில்தான் கோளாறு இருக்கும். அதற்கு மேல் கேஸ் ஏற்றுவது, சாக்கடை அடைத்த வீட்டில் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்து விடுவது மாதிரி.

கேபிலரி என்பது பின்பக்கம் ஃபில்டரிலிருந்து (ஈரத்தையும் குப்பையையும் பிடிக்கும் சின்னச் செம்பு உருளை) ஃப்ரீசருக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாய். கடையில் 031 என்று கேட்டு வாங்குவோமே, அது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 31 பங்கு. உள்துளை 0.79 மி.மீ. தான். நீளம் மூன்று மீட்டர் அளவில் வரும். ஒரு முனையில் திரவமாக நுழையும் கேஸ், போகப் போக அழுத்தம் குறைந்து, வழியிலேயே குமிழி விட்டு, மறுமுனையில் திரவமும் ஆவியுமாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சீறல் சத்தம்தான் நமக்குத் துப்பு. தியரி இவ்வளவு போதும்.

கை வைப்பதற்கு முன்

கம்ப்ரஸர் மேலோ ஃபிரிட்ஜின் பின்பக்கமோ உள்ள லேபிளைப் படியுங்கள். ஆர்134ஏ என்றிருந்தால் எரியாத கேஸ். ஆர்600ஏ என்றிருந்தால் ஐசோபியூட்டேன், அதாவது சமையல் சிலிண்டர் கேஸின் ஒன்றுவிட்ட தங்கச்சி. குழாயை வெட்டுவதோ பக்கத்தில் தீ பற்ற வைப்பதோ வீட்டுக்காரர் வேலை இல்லை. கீழே சொல்லும் சோதனைகளில் 'வீட்டிலேயே' என்று சொன்னவற்றை யாரும் செய்யலாம். குழாயைத் திறக்க வேண்டிய இடம் வந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேண்டிய சாமான்: காது, கை, ஒரு பத்து ரூபாய் நோட்டு, சுடுதண்ணீரில் நனைத்த துணி, கைக்கடிகாரம்.

## அறிகுறி 1: கூலிங் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கூலிங் போன நேரத்தில் கம்ப்ரஸர் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா?

நின்றிருந்தால் கேஸையும் கேபிலரியையும் மறந்துவிடலாம். தெர்மோஸ்டாட் குமிழைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஓடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டியிருக்கும். ஓடாவிட்டால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஈரச் சோக், அதாவது ஈரத்தால் வரும் அடைப்பு. எங்கள் பாஷையில் மாய்ஸ்சர் சோக். சிஸ்டத்துக்குள் மாட்டிய துளி ஈரம் கேஸோடு சுற்றி வந்து, கேபிலரி முடிந்து ஃப்ரீசர் தொடங்கும் இடத்தில் பனிக்கட்டியாகி வாயை அடைத்துவிடும். கேஸ் வராது, ஃப்ரீசர் சூடேறும், கட்டி உருகும், வழி திறக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளையை அடைக்க ஒரு மணல் அளவுப் பனி போதும்.

முதுநகரில் ஓர் அம்மா, மீன் வியாபாரம். மிச்ச மீனை வைக்க வீட்டில் ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ். "தம்பி, ராத்திரி சங்கரா பாறை மாதிரி இருக்கு. விடிகாலைல எழுந்து பார்த்தா தண்ணி விட்டுக் கெடக்கு. மத்தியானம் திரும்பப் பாறை. இதுக்குள்ள ஏதோ பூந்திருக்கு" என்றார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை கேஸ் போட்டிருந்தார்கள். நான் போனபோது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சுமை இல்லாத வண்டி மாதிரி லேசான சத்தம். ஃப்ரீசரில் காதை வைத்தேன், நிசப்தம். அவர் டீ போட வைத்திருந்த வெந்நீரில் ஒரு டம்ளர் வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்து, கேபிலரி ஃப்ரீசருக்குள் நுழையும் மூலையில் வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உள்ளே 'ப்ளக்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல். அம்மா கதவோரத்தில் நின்று அதைக் கேட்டார். "பூந்தது வெளில வந்துடுச்சா?" என்றார். தண்ணிதான் பூந்தது என்று சொன்னேன்.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு பனியைக் குத்தவே கூடாது. ஃப்ரீசர் தகடு ஓட்டையானால் அப்புறம் ஃப்ரீசரையே மாற்ற வேண்டும். அந்த மூலை கைக்கு எட்டவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, பனி முழுக்க உருகும் வரை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். சில மணி நேரம் பிரமாதமாக ஓடி மறுபடி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருந்து கேஸ் இல்லை. பழைய கேஸை எடுத்து, ஃபில்டரை மாற்றி, வேக்கம் பம்ப் போட்டு ஈரத்தை முழுக்க இழுத்து, அப்புறம்தான் கேஸ். சிலர் கேஸ் ஏற்றும் சார்ஜிங் லைன் வழியாகக் கொஞ்சம் மெத்தனால் விட்டு 'சரி பண்ணி' விடுவார்கள். பனி கட்டாதுதான். ஆனால் அலுமினியத்தை அது உள்ளேயிருந்து தின்னும். அப்படிச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கோளாறு அதிகம் வரும். மழைக் காற்றில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளே ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? ஆர்134ஏ கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. உப்புக் கொட்டிய ஜாடியைத் திறந்து வைத்த மாதிரி.

## அறிகுறி 2: ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறும் ஈரம்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். கேஸ் குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும், கேபிலரி பாதி அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும். ரெண்டிலும் ஃப்ரீசருக்குப் போகும் திரவம் கம்மி, முதல் மூலையிலேயே எல்லாம் ஆவியாகிவிடும். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் 'கேஸ் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே, முதல் சோதனை: கதவு. நோட்டைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிருக்கிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தளர்ந்த இடத்தை வெந்நீர்த் துணியால் நீவிப் பாருங்கள். இந்தச் சோதனையோடு முடிந்துபோன வீடுகள் நிறைய.

இரண்டாவது: கண்டென்சரைத் தொடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, பின்பக்கக் கறுப்பு வலையை மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். புது மாடல்களில் வலை தெரியாது, பக்கச் சுவரைத் தொடுங்கள். முதல் சில சுற்றுகள் மட்டும் சூடு, அதற்குக் கீழே சில்லென்று அறைச் சூட்டில் இருந்தால் சோக் பக்கம் சாயுங்கள். வெளியேற வழியில்லாத திரவம் கீழ்ச் சுற்றுகளில் தேங்கி நிற்கிறது. முழுக்க வெதுவெதுப்பு, எங்கேயும் நல்ல சூடு இல்லை என்றால் கேஸ் குறைவு.

மூன்றாவது: நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கம்ப்ரஸரை நிறுத்தி ஃப்ரீசரில் காதை வையுங்கள். நல்ல சிஸ்டத்தில் இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்குச் சீறலும் கொளகொளப்பும் கேட்டு அடங்கும். கேபிலரியின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிற சத்தம். மெல்லிய, ஊசி மாதிரி ஒரே சத்தம் பத்து நிமிடத்தைத் தாண்டியும் இழுத்தால் பாதிச் சோக். நிறுத்தியும் சத்தமே இல்லை என்றால் முழுச் சோக், அல்லது கேஸ் சுத்தமாகக் காலி. சட்டென்று அடங்கிவிட்டால் கேஸ் குறைவு.

நான்காவது: ஃபில்டர். கண்டென்சர் முடிவில் உள்ள செம்பு உருளை, கட்டைவிரல் தடிமன். அது இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஜில், அல்லது மேலே வியர்த்திருந்தால் அடைப்பு ஃபில்டருக்குள்ளேயே. நல்ல செய்தி, செலவு குறைவு.

இதற்கு மேல் மெக்கானிக். அவர் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆர்134ஏ ஃபிரிட்ஜில், குளிர்ந்து ஓடும்போது முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், சற்று மேலே. கேஸ் விட்டதும் முள் ஏறி, வால்வை மூடியதும் வேக்கத்துக்கு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே, இறங்கினால் சோக். ஏறிய இடத்தில் நின்று ஃப்ரீசரில் பனி பரவினால் கேஸ்தான் குறைந்திருந்தது. அப்படியென்றால் லீக் எங்கே என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்காமல் கேஸ் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆர்600ஏ-யில் இந்த விதியை அப்படியே போட்டால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் கேஸ் சாதாரண காற்றழுத்தத்திலேயே மைனஸ் 12 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். ஃப்ரீசருக்கு மைனஸ் இருபதுக்குக் கீழே வேண்டும். ஆகவே நல்லபடியாக ஓடும்போதே முள் பூஜ்யத்துக்குக் கீழே, வேக்கத்தில்தான் இருக்கும். பழைய பழக்கத்தில் 'முள் கீழே இருக்கு, கேஸ் கம்மி' என்று ஏற்றுகிறவர்களால்தான் பாதிப் புது ஃபிரிட்ஜ்கள் என் கடைக்கு வருகின்றன. மொத்தமே நாற்பது, ஐம்பது கிராம் கேஸ். பத்து கிராம் கூடினாலே கணக்கு கெட்டுவிடும். தராசு இல்லாமல் ஆர்600ஏ போடுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

லீக் தேடும் முறையும் அதில் வேறு. ஓடும்போது ஃப்ரீசர் பக்கம் வேக்கம் என்பதால் சோப்பு நுரை ஊதாது, உள்ளே இழுக்கும். நிறுத்தி, அழுத்தம் சமமான பிறகு நுரை வைக்க வேண்டும். ஓட்டை அந்தப் பக்கம் இருந்தால் ஓடுகிற நேரமெல்லாம் கடற்காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். அதனால் லீக்கும் ஈரச் சோக்கும் ஜோடியாக வரும்.

## அறிகுறி 3: கூலிங் சுத்தமாக இல்லை, கம்ப்ரஸர் மட்டும் கொதிக்கிறது

கம்ப்ரஸரைக் குளிர வைப்பதே திரும்பி வரும் கேஸ்தான். அது வராவிட்டால் மோட்டார் கையை வைக்க முடியாத அளவு சூடாகி, ஓவர்லோட் (சூடேறினால் கரன்டை வெட்டும் காப்புச் சுவிட்ச்) அடித்து நின்று நின்று ஓடும். அப்படியே விட்டால் கம்ப்ரஸரும் போய்விடும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

அறிகுறி 2-இல் சொன்ன நிறுத்திக் கேட்கும் சோதனையைச் செய்யுங்கள். நிசப்தம் என்றால் சூடான துணியை வையுங்கள். சீறினால் ஈரம். சீறாவிட்டால் குப்பை, மெழுகு மாதிரி உறைந்த எண்ணெய், அல்லது ஓட்டையில் கேஸ் முழுக்கப் போனது. மெக்கானிக் சார்ஜிங் லைனைத் திறக்கும்போது புஸ்ஸென்று நல்ல கேஸ் வந்தால் சோக், ஒன்றுமே வராவிட்டால் லீக். கேஸும் இருக்கிறது, கேபிலரியும் சுத்தம் என்றால்தான் கம்ப்ரஸர் அழுத்தம் தள்ளவில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். அது கடைசிச் செலவு, அதை முதலில் சொல்கிறவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

## அறிகுறி 4: சத்தம்

நிறுத்திய பிறகு வரும் 'கொளகொள' சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். துளை அவ்வளவு சின்னது என்பதால் குமிழி மேலே மிதந்து திரவம் கீழே ஒதுங்க இடமே கிடையாது. ஒரு துண்டு திரவம், ஒரு துண்டு ஆவி என்று வரிசையாகத்தான் போகும். கல்யாண வீட்டுப் பந்தியில் குறுகலான வாசல் மாதிரி.

ஓடும்போது விட்டு விட்டுச் சீறினால் யோசிக்க வேண்டும். கேபிலரியின் நுழைவாயிலிலேயே ஆவி கலந்து போகிறது. காரணம் கேஸ் குறைவாக இருக்கலாம். கண்டென்சரில் தூசும் ஒட்டடையும் மூடியிருக்கலாம். பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு நாள் பாருங்கள். மூன்றாவது காரணம் ரிப்பேர் நடந்த ஃபிரிட்ஜுக்கே உரியது: ஃபில்டரைப் படுக்க வைத்தோ தலைகீழாகவோ மாட்டியிருப்பார்கள். கேபிலரி முனை கீழே இருந்தால்தான் அடியில் தேங்கும் திரவம் மட்டும் உள்ளே போகும். மேலே இருந்தால் ஆவியை உறிஞ்சும். என் கடைப் பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "அண்ணே, அழகா கிளாம்ப் போட்டுப் படுக்க வெச்சேன்" என்று காட்டினான். அழகாகத்தான் இருந்தது. சத்தம்தான் பாம்பு மாதிரி.

## அறிகுறி 5: கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் குழாயில் பனி

கேஸ் கூடிவிட்டது என்பதுதான் முதல் சந்தேகம், அதுவும் சமீபத்தில் கேஸ் போட்டிருந்தால். ஃப்ராஸ்ட் ஃப்ரீ (தானே பனியை உருக்கிக்கொள்ளும்) மாடல் என்றால் அதற்கு முன் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா என்று கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பாருங்கள். ஃபேன் ஓடி, கேஸும் கிராம் கணக்கில் சரி என்றால் யாரோ கேபிலரியைப் பெரிய துளையில் மாற்றியிருக்கலாம். 031-க்குப் பதில் 036 போட்டால் துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 'இதுதான் கையில் இருந்தது' என்பதெல்லாம் காரணமாகாது.

## அறிகுறி 6: கரன்ட் போய் வந்தது, 'டிக்' என்கிறது, ஓடவில்லை

ஐந்து நிமிடம் பொறுங்கள். கேபிலரி வழியாக இரண்டு பக்க அழுத்தமும் சமமாகாமல் கம்ப்ரஸரால் தொடங்க முடியாது. அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு, கம்ப்ரஸரைத் தொடங்கி வைக்கும் ரிலேயை எரிக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்தும் டிக் அடித்தால் வோல்டேஜ் பாருங்கள், அப்புறம் ரிலே, ஓவர்லோட், கடைசியாகக் கம்ப்ரஸர்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது மூழ்கிய ஃபிரிட்ஜ்களுக்கு நிறையப் பேர் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்கள். மூடிய குழாய்க்குள் வெள்ளம் போகாது. ரிலேயும் ஒயரும்தான் சேற்றில் ஊறியிருக்கும். நன்றாகக் காயும் முன் பிளக் போடக் கூடாது, அவ்வளவுதான்.

## அறிகுறி 7: ஃப்ரீசர் நன்றாக இருக்கிறது, கீழே காய்கறி வாடுகிறது

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் பெரும்பாலும் கேஸ் பிரச்சினை இல்லை. உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருளைப் பனி மூடிக் காற்று வழி அடைத்திருக்கும். ஒருநாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து உருக விடுங்கள். ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் ஹீட்டர், டைமர், சென்சார் இவற்றில் ஒன்று.

## அறிகுறி 8: ரிப்பேர் ஆகி ஒரு மாதத்துக்குள் அதே கோளாறு

இது உங்கள் ஃபிரிட்ஜின் கோளாறு இல்லை, வேலை செய்த கையின் கோளாறு. நானும் ஆரம்பத்தில் இதில் விழுந்திருக்கிறேன். திரும்ப வேலைக்கு வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஃபில்டர் புதிதா? சிஸ்டத்தைத் திறந்தால் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். புதியதின் மூடியைப் பொருத்துவதற்குச் சற்று முன்தான் பிரிக்க வேண்டும். காலையில் பிரித்து வைத்துச் சாயங்காலம் மாட்டினால் அது ஏற்கெனவே கடலூர்க் காற்றைக் குடித்து முடித்திருக்கும்.

கேபிலரியை எப்படி வெட்டினார்? கட்டிங் பிளேயரில் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். அரத்தால் சுற்றிக் கோடு போட்டு, ஒடித்து எடுக்க வேண்டும். ஒடித்த வாயை வெளிச்சத்தில் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டும். ஃபில்டருக்குள் விடும்போது அதன் உள்ளே இருக்கும் சல்லடை வலையைத் தொடும் வரை தள்ளி, அரை சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ பின்னால் இழுக்க வேண்டும். தொட்டபடியே விட்டால் வலை வாயை மூடும். அதிகம் வெளியே இழுத்தால் வெல்டிங் கம்பி உருகி உள்ளே ஓடி அடைக்கும். என் அனுபவத்தில் 'புது கேபிலரி, இருந்தும் சோக்' என்ற மர்மத்துக்கு விடை அநேகமாக இந்த அரை சென்டிமீட்டரில் கிடைக்கும்.

புது கேபிலரி திரும்பும் குழாயோடு ஒட்டியிருக்கிறதா? கம்பெனியில் இரண்டையும் சேர்த்தே விட்டிருப்பார்கள். ஜில்லென்று திரும்பும் ஆவி, கேபிலரியில் போகும் திரவத்தைக் குளிர வைத்து, குமிழி சீக்கிரம் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். அதைச் சுருட்டிப் பின்னால் தனியாகத் தொங்கவிட்டால் பாதி வழியிலேயே குமிழி விட்டு, உள்ளே போகும் அளவு குறையும். ஃபிரிட்ஜ் ஓடும், மே மாதத்தில் மட்டும் ஐஸ் கட்டாது.

வேக்கம் எதில் போட்டார், எவ்வளவு நேரம்? பழைய கம்ப்ரஸரை வைத்துப் பத்து நிமிடம் இழுப்பது வேக்கம் ஆகாது. நல்ல பம்பில் அரை மணிக்குக் குறையாமல் இழுத்து, நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

லீக் சுவருக்குள், பாலிஷ் தகட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் என்றால் நான் வேலையை எடுப்பதில்லை. கடலோர வீடுகளில் உப்பு அரித்து ஒரு இடம் ஓட்டையானால் பக்கத்திலேயே இன்னொன்று காத்துக்கொண்டிருக்கும். வெளியே புதுக் கண்டென்சர் மாட்டிச் சமாளிக்கலாம். ஃப்ரீசர் பக்கக் குழாய் என்றால் அந்தக் காசைப் புது ஃபிரிட்ஜுக்கு முன்பணமாகப் போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மார்க்கரை எடுத்து, ஃபிரிட்ஜின் முதுகில் தேதி, கேஸ் பெயர், எத்தனை கிராம், கேபிலரி நம்பர் இந்த நாலையும் எழுதச் சொல்லுங்கள். முதுநகர் அம்மாவின் ஃபிரிட்ஜில் நான் எழுதியது இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே அவர் பாக்கி வைத்த முந்நூறு ரூபாயையும் எழுதி வைத்திருக்கிறார்.